இன்று மேலே வரவில்லை

நாலரைக்குத்தான் கதவு திறக்கும்.
நாலுக்கே வந்து காரைச் சொருகிவிட்டு
உள்ளேயே குனிந்து சட்டை மாற்றிக்கொள்வேன்.
பழைய சட்டையில் டீசல், சிமெண்டுத் தூள்,
விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்ன சிகரெட்.
உனக்கு வெள்ளை அணுக்கள் குறைந்த வாரம் இது.
விரல்விட்டு எண்ணிடலாம் என்றாள் மிஸ்ஸி,
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

முதல் நாள்
பினாங்கு ஸ்ட்ரீட்டில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தேன்.
பூ இந்த வார்டுக்குள் வராது என்றார்கள்.
டேஷ்போர்டில் போட்டதை மறந்துவிட்டேன்.
மறுநாள் விடிகாலை வேலைக்குப் போகையில்
கார் முழுக்க உன் கல்யாண நாள்.

உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல்.
கோயிலுக்குள் நுழையக்கூட
இவ்வளவு நேரம் கால் கழுவியதில்லை, யோகேஸ்.
நகக்கண்ணில் கறுப்பு மட்டும் போகவே இல்லை.
அதனால்தான் உன்னைத் தொடாமல்
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
உனக்கு என்னவோபோல் இருந்திருக்கும்.
நீயும் கேட்கவில்லை.

என் குரல் லாரிக்குள் பேசிப் பழகிய குரல்.
பக்கத்துக் கட்டிலில் மாக் சிக் ரொஹானி
அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்.
நீ புருவத்தால் குறைக்கச் சொல்வாய்,
நான் குறைப்பேன், இன்னும் என்பாய்,
கடைசியில் பேச்சே நின்றுவிடும்.
ஒருநாள் நான் வந்ததிலிருந்து தூங்கினாய்.
சொட்டுச் சொட்டாய் இறங்கியதைப் பார்த்திருந்தேன்.
விழித்து, "வந்து நேரமாச்சா?"
"இப்பத்தான்."

ஞாயிற்றுக்கிழமை கூலிமிலிருந்து வேனில் பதினொரு பேர்.
சித்தப்பா டுரியானை டப்பாவில் அடைத்து
மேலே செய்தித்தாள், அதற்கும் மேலே துண்டு.
லிஃப்டுக்கே தெரிந்துவிட்டது.
காவல்காரர் இரண்டு விரல் காட்டினார்:
ரெண்டு பேர்தான்.
பத்மினி சின்னம்மா,
பக்கத்து வீட்டுக்காரிக்கும் இதே நோய்தான் என்று தொடங்கினார்.
அந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியும்.
கீழே கேண்டீனுக்குக் கூட்டிப்போய்
எல்லாருக்கும் தே தாரேக் வாங்கிக் கொடுத்து
கதையை அங்கேயே முடிக்கவைத்தேன்.
இருபத்தெட்டு ரிங்கிட்.
யாரையும் மேலே விடவில்லை.
கோபித்துக்கொண்டு போனார்கள்.
தீபாவளிக்குள் சரியாகிவிடும்,
ஆகாவிட்டால் பலகாரம் நமக்கு மிச்சம்.

இன்று காலை தொண்டையில் ஒரு கரகரப்பு.
லாரி ஏசிதான் என்று பிறையில் சொல்லிக்கொண்டேன்.
பாலத்தின் நடுவில் அது இருமலானது.
முகக்கவசம் இருக்கிறதே என்றது மனசு,
அரை மணி நேரம்தானே என்றது,
பதினாறு நாளில் ஒருநாளும் தவறவில்லையே என்றது.
லிஃப்ட் திறந்தது.
காவல்காரர் காலால் கதவைத் தடுத்து என்னைப் பார்த்தார்.
இருமினேன்.
"நீங்க போங்க" என்றேன், யாரிடமென்று இல்லாமல்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து உன்னை அழைத்தேன்.
"எந்த ஜன்னல்?"
"காக்கா உக்காந்திருக்கு பாருண்ணே, அதுக்குக் கீழ."
"காக்கா பறந்துபோச்சு."
"அப்ப இல்லாத காக்காவுக்குக் கீழ."
தூறல் விழ ஆரம்பித்திருந்தது.
ஐந்தாம் மாடியில் யாரோ நிற்பதுபோல் தெரிந்தது.
இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்,
அங்கிருந்தும் ஒரு கை ஆடியது.
"யாருக்குண்ணே கை காட்டுற?" என்றாய் போனில்.
"நான் இந்தப் பக்கம்."
நாலு ஜன்னல் தள்ளி
ஒரு போன் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

சிரிக்கப்போய் இருமல் வந்தது.
போனை எட்டத் தள்ளிப் பிடித்தேன்,
அதன் வழியாக உனக்கு ஒட்டிவிடுமோ என்பதுபோல.
"வெந்நி குடி. மழையில நிக்காத. போ"
என்று நோயாளி நீ அதட்டினாய்.

போகிறேன்.
ஆனால் அந்த முதல் ஜன்னல் மனிதர்
இன்னும் கையாட்டிக்கொண்டிருக்கிறார்.
அவரைப் பார்க்க இன்று யாரும் வந்தார்களோ என்னவோ.
நீ கொஞ்சம் பொறு.
அவருக்கும் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறேன்.